நோரா முதலிய ஐந்து பெண்கள்

ஒரு மனிதரைப் பற்றி ஒரு வரிகூடப் பொய் கலக்காமல் எழுதி, அந்த எழுத்தாலேயே அவருடைய கலியாணத்தைக் குழப்பிவிட முடியுமா? தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரத்தில், மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பழைய பலகை வீட்டின் சமையலறையில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியை நான் என்னிடமே கேட்க நேர்ந்தது. விடைக்காக அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. குழப்பியவன் நான்தான்.

அவரும் நானும் அந்த வீட்டில் மூன்று ஆண்டுகள் சேர்ந்திருந்தோம். அவருக்கு முப்பத்தெட்டு வயது. மனுரேவாவில் ஒரு பெரிய களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். எனக்கு இருபத்தாறு வயது. சமூகவியலில் பட்டம் பெற்று, புதிதாக வந்த அகதிக் குடும்பங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை செய்தேன். தமிழர் சங்கத்தின் செயலாளராகவும் இருந்தேன். எதைச் செய்தாலும் அதன் விளைவு யாரைப் பாதிக்கும் என்று யோசித்துச் செய்ய வேண்டும் என்பது என் கொள்கை. முதல் குளிர்காலத்தில் ஒரு ஹீட்டர் வாங்கலாமா என்று அவர் கேட்டபோது, சாதக பாதகங்களை இரண்டு நிரல்களாக எழுதத் தொடங்கினேன். எழுதி முடிந்தபோது வசந்தகாலம் வந்துவிட்டது.

“நல்லதாப் போச்சு தம்பி,” என்றார் அவர். “இனி ஃபான் ஒண்டு வாங்கலாமோ எண்டு தொடங்கும். அடுத்த குளிருக்கு முடிச்சிடுவீர்.”

அவர் பாடுவார் என்று சொன்னால் அது சரியான தகவல் ஆகாது. அவர் பாட்டின் அடியில் நிற்பார். ஐம்பதுகளில் அமெரிக்க நகரங்களின் தெருமுனைகளில் இளைஞர்கள் நாலைந்து பேராகக் கூடி, வாத்தியம் எதுவும் இல்லாமல் வாயாலேயே பாடிய காதல் பாடல்கள் உண்டு. டூ-வொப் என்று அதற்குப் பெயர். ஒருவன் முன்னால் நின்று பெண்ணின் பெயரைச் சொல்லி உருகுவான். மற்றவர்கள் பின்னால் நின்று, அகராதியில் இல்லாத அசைகளை அடுக்கிக்கொண்டிருப்பார்கள். எல்லோருக்கும் கீழே, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல் ‘பொம், ப-பொம், பொம்’ என்று நடந்துகொண்டிருக்கும். அவர் அந்தக் கீழ்க்குரல். சொற்களை அவர் பாடி நான் கேட்டதில்லை. வெங்காயம் உரிக்கும்போதும், சட்டைக்கு அயர்ன் பண்ணும்போதும், குளியலறையில் சவரம் செய்யும்போதும் அந்தப் ‘பொம்’ வீட்டின் பலகைச் சுவர்களில் ஏறி இறங்கும். என்னுடைய கட்டில் சட்டம் அதற்கு மெல்லியதாக அதிரும்.

அந்தக் குரல் அவருக்கு மனுரேவாவில்தான் கிடைத்தது. வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில், ஸ்மோக்கோ என்று அங்கே சொல்லும் தேநீர் இடைவேளையில், சாமோவாக்காரர் ஒருவர், மாவோரி ஒருவர், டொங்காக்காரர் ஒருவர் என்று மூன்று பேர் ஒரு பழைய பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்களாம். அவர்களுடைய ஆங்கிலம் இவருக்குப் பிடிபடவில்லை. இவருடையது அவர்களுக்குப் பிடிபடவில்லை. பாட்டில் கீழே ஓர் இடம் காலியாகக் கிடந்தது மட்டும் பிடிபட்டிருக்கிறது.

“இந்த நாட்டில நான் முதல் கதைச்ச சொல்லு ‘பொம்’,” என்பார். “அதுக்குப் பிறகு அவங்கள் என்னை விடேல்லை.”

அன்றிலிருந்து அந்த நாலு பேரும் ஒரே காரில் வேலைக்குப் போனார்கள். இவர் மவுண்ட் ஆல்பர்ட்டிலிருந்து புறப்பட்டு, வழியில் ஒவ்வொருவராக ஏற்றிக்கொள்வார். மோட்டர்வேயில் கார்கள் அசையாமல் நிற்கும் நாட்களில் மற்றவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள். இவர்கள் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பாடுவார்கள். சனிக்கிழமை காலைகளில் ஹில்ஸ்பரோப் பக்கம் வீட்டு வாசல்களில் பழைய சாமான் விற்கும் இடங்களுக்குப் போய், பெட்டி பெட்டியாகக் கசெற்றுகளைக் கிளறி, அந்தக் காலத்துக் குழுக்களின் பாட்டுகளைத் தேடிக்கொண்டு வருவார்.

எனக்கு அந்தப் பாடல்கள் மேல் கோட்பாட்டு ரீதியான ஆட்சேபங்கள் இருந்தன. ஊரில் நடந்துகொண்டிருந்தவற்றை நினைத்தால், இரண்டரை நிமிடம் ‘ஷூ-லா-லா’ என்று சொல்லிக்கொண்டிருப்பது பொறுப்பற்ற செயல் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

“கருத்து வேணுமெண்டால் பேப்பர் வாசிக்கலாம் தம்பி,” என்றார். “அல்லது உம்மோட கதைக்கலாம்.”

நான் விடவில்லை. இந்தப் பாட்டுகளில் வரும் பெண் ஒரு சொல்லும் பேசுவதில்லையே, அவளுடைய நிலைப்பாடு என்ன என்று கேட்டேன்.

“அவள் யோசிச்சுக்கொண்டு நிக்கிறாள். அவள் வாயைத் திறந்தால் பாட்டு முடிஞ்சுது. அவள் யோசிக்கிற நேரம்தான் பாட்டு.” வெங்காயத்தை வெட்டிக்கொண்டே சொன்னார். “வடிவாக் கேளும். ஒருத்தன் ஒரு பெட்டையை விரும்புறான். அவள் இன்னும் பார்க்கேல்லை. அதுக்கு மற்ற மூண்டு பேரும் அவனுக்குப் பின்னால நிண்டு, ஓமடா, ஓமடா எண்டு சொல்லிக்கொண்டு நிக்கிறாங்கள். அவங்களுக்கு அதில ஒரு லாபமும் இல்லை. வீட்டை போகவும் இல்லை. இதை விட உமக்கு என்ன கருத்து வேணும்?”

நான் பேச்சை மாற்றி, சங்கத்தின் கலைவிழாவில் அவரும் நண்பர்களும் ஏதாவது ‘பொருளுள்ள’ பாடல் பாடலாமே என்றேன். வந்தார்கள். மேடையில் அவர்களை அறிமுகப்படுத்துவதற்கு, பசிபிக் தீவுகளின் உழைக்கும் மக்களும் ஈழத்தமிழரும் ஒரே களஞ்சியக் கூரையின் கீழ் கண்டடைந்த தோழமை பற்றி நான் பன்னிரண்டு நிமிடம் உரையாற்றினேன். பிறகு அவர்கள் ஐஸ்கிரீம் கடை வாசலில் காத்திருக்கும் ஒருவனைப் பற்றி இரண்டரை நிமிடம் பாடினார்கள். கலைவிழா என்றால் கார் நிறுத்துமிடத்தில் ஓடித்திரியும் இங்கே பிறந்த பிள்ளைகள் எல்லோரும் உள்ளே வந்து, மேடைக்குக் கீழே வரிசையாக இருந்து ‘பொம்’ சொன்னார்கள். அவர்களில் ஒருத்தியின் தாய் என்னிடம் வந்து, “தம்பி, அடுத்த வருசம் அந்த முதலாவது நிகழ்ச்சியை மட்டும் விடலாம்,” என்றார். அது என் உரை.

இந்த மனிதருக்குத்தான் கலியாணப் பேச்சு வந்தது.

முன்பு மூன்று சம்பந்தங்கள் வந்து குழம்பியிருந்தன. ஒன்று அவருடைய தொழிலால், ஒன்று சாதகத்தால், ஒன்று வயதால். நாலாவதாகப் பேசப்பட்டவர் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து கொழும்பில் மாமன் வீட்டில் இருந்த ஒரு கணித ஆசிரியை, முப்பத்துநாலு வயது. சாதகம் பொருந்தியது. படங்கள் கைமாறின. அந்த ஆசிரியையின் படம் ஒரு கசெற் பெட்டியின் மூடிக்குள் அளவெடுத்ததுபோலப் பொருந்தியிருந்தது. கேத்திலில் தண்ணீர் கொதிக்கும் நேரத்துக்குள் இவர் அந்தப் பெட்டியைத் திறந்து மூடுவதை நான் பார்க்காததுபோல இருப்பேன்.

ஒருநாள் அவராகவே சொன்னார். “இது சரிவராட்டி நான் இனிப் பார்க்கமாட்டன் தம்பி. அஞ்சாந்தரமும் ஆக்களின்ர கையில படமாப் போய் நிக்க ஏலாது.”

வெளிநாட்டுச் சம்பந்தம் என்றால் பெண் வீட்டார் அந்த ஊரில் தெரிந்த ஒருவருக்கு எழுதி மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பது எங்கள் வழக்கம். அந்தப் பெண்ணின் மாமனுக்கு ஒக்லாந்தில் தெரிந்த ஒரே ஆள், என் தாயின் வழியில், நான்தான். கடிதம் எனக்கு வந்தது. மாப்பிள்ளையின் குணம், பழக்கவழக்கம், சிநேகிதர் பற்றி ‘உள்ளதை உள்ளபடி’ அறியத்தரும்படி கேட்டிருந்தார்.

“உம்மட்டையோ கேட்டிருக்கினம்?” என்று அவர் சிரித்தார். “அப்ப நான் தப்பினன்.” பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்புக் கொஞ்சம் குறைந்தது. “உண்மையைத்தான் எழுதும். ஆனால் கொஞ்சமா எழுதும்.”

இப்படிப்பட்ட கடிதங்களுக்கு வழமையாக எழுதும் பதில் எனக்குத் தெரியும்: தங்கமான பிள்ளை, ஒரு கெட்ட பழக்கமும் இல்லை. அதை நம்பி விமானம் ஏறி வந்து, ஆறே மாதத்தில் என் அலுவலகக் கதிரையில் அழுதுகொண்டிருந்த பெண்களையும் எனக்குத் தெரியும். ஆகவே இந்த முறை அந்த வழக்கத்தை நான் திருத்தப்போவதாகத் தீர்மானித்தேன். சமூகத்தைத் திருத்துகிறவன் முதலில் கை வைப்பது பக்கத்து அறையில் இருப்பவன் மேல் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மூன்று வாரம் ஒரு குறிப்புப் புத்தகம் வைத்திருந்தேன். ஒருநாள் லீவு எடுத்து, கழுத்துப்பட்டி கட்டி, கோப்போடு மனுரேவாவுக்குப் போய் அவருடைய நண்பர்கள் மூவரையும் விசாரித்தேன். என்னைக் குடிவரவு அதிகாரி என்று நினைத்துவிட்டார்கள். முன்குரல் பாடும் சாமோவாக்காரர் எழுந்து நின்று, அவன் மிக நல்லவன், வரி ஒழுங்காகக் கட்டுகிறவன், அவனை எங்கேயும் அனுப்ப வேண்டாம் என்றார். நான் கலியாண விசாரணை என்று விளக்கியதும் அவருக்கு இன்னும் குழப்பம்.

“நீ அவனோடு ஒரே வீட்டில்தானே இருக்கிறாய்? உனக்கே தெரியாதா?”

புறவயமான தகவல் தேவை என்றேன். அவர் ஒரு பிஸ்கட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, “சரி, எழுதிக்கொள். நல்ல மனிதன். நல்ல கீழ்க்குரல்,” என்றார். அது போதாது என்று நான் நினைத்தேன்.

கடிதம் நாலு பக்கம் வந்தது, உபதலைப்புகளும் இட்டிருந்தேன். குடிப்பதில்லை, வேலைத்தலத்து கிறிஸ்மஸ் விருந்தில் அரைக் கிளாஸ் தவிர. சிகரெட் இல்லை. பொழுதுபோக்கு என்ற தலைப்பின் கீழ்தான் என் மனச்சாட்சி விழித்துக்கொண்டது. அவர் ஆங்கிலக் காதல் பாடல்கள் பாடுகிறார் என்பதை மறைப்பது முறையல்ல. அந்தப் பாடல்களில் பெண்களின் பெயர்கள் வருகின்றன. நாளை அந்த ஆசிரியை வந்து, கசெற்றிலிருந்து ஒரு பெயரைக் கேட்டு மனம் வருந்தினால் பொறுப்பு யாருடையது? ஆகவே எழுதினேன்: ‘மேற்படி பாடல்களில் நோரா, மேபல், எல்சி, டொட்டி, வினி ஆகிய ஐந்து பெண்கள் குறிப்பிடப்படுகின்றனர். நான் விசாரித்த அளவில், இவர்களில் எவருடனும் அவருக்குத் தொடர்பு இல்லை. இவர்கள் கற்பனைப் பாத்திரங்கள் என்றே நம்புகிறேன்.’ ‘என்றே நம்புகிறேன்’ என்பது ஆய்வு ஒழுக்கம் கருதிச் சேர்த்தது. பின்னிணைப்பாக மூன்று பாடல்களைக் கசெற்றைக் கேட்டு எழுதி, அசைகள் உட்பட, செந்தமிழில் மொழிபெயர்த்தும் வைத்தேன்.

ஐந்து வாரத்தில் மாமனின் பதில் வந்தது. நாலு வரி. ஐந்து பெண்கள் இல்லை என்று ஒருவர் தனியாக எழுத வேண்டி வந்த இடத்தில் தங்கள் பிள்ளையைக் கொடுக்க விருப்பமில்லை, சிரமத்துக்கு நன்றி.

நான் எழுதியதன் பிரதியை அவர் கேட்டார். பிரதி எடுக்காமல் நான் எதையும் அனுப்புவதில்லை; கொடுத்தேன். பின்வாசல் படியில் இருந்து, பின்னிணைப்பு வரை வாசித்தார். நான் கதவடியில் நின்றேன்.

“எல்லாம் உண்மைதான்,” என்றார். “ஒரு பிழையும் இல்லை.” தாள்களை நேராக அடுக்கி என்னிடம் தந்துவிட்டு உள்ளே போனார்.

அவர் திட்டியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைப்பதுண்டு. அடுத்த நாள் சவரம் செய்யும் சத்தம் மட்டும் கேட்டது. வெங்காயம் சத்தமில்லாமல் உரிந்தது. கசெற் பெட்டி அலமாரியில் மற்றப் பெட்டிகளோடு போய்விட்டது. என் கட்டில் அசையவில்லை. எனக்கு நித்திரை வரவில்லை. நான் பரிகாரமாக ஒரு மறுப்புக் கடிதம் எழுதினேன், ஆறு பக்கம், அடிக்குறிப்புகளோடு. அவர் அதை உறையோடு வாங்கித் தன் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டார்.

“வேண்டாம் தம்பி. அஞ்சு பேர் பத்துப் பேராகும்.”

அதற்கு அடுத்த ஞாயிறு மத்தியானம் சாமோவா நண்பர் வாசலில் வந்து நின்றார். அந்த அகலத்துக்கு எங்கள் கதவு போதவில்லை. காருக்குள் இரண்டு வாரமாக ஒருவரும் பாடவில்லை என்றார். “எங்கள் கீழ்க்குரலை நீ என்ன செய்தாய்?” என்று மிக மென்மையாகக் கேட்டார். அந்த மென்மைதான் என்னைத் தொலைபேசியிடம் தள்ளியது. நடையில் சுவரோடு இருந்த தொலைபேசியில், அழைப்புக் கார்டின் இலக்கங்களை இரண்டு தரம் பிழையாக அழுத்தி, மூன்றாம் தரம் கொழும்பைப் பிடித்தேன். மாமனிடம் மன்னிப்புக் கேட்பது என் திட்டம். அங்கே காலை, மாமன் கோயிலுக்குப் போயிருந்தார். எடுத்தது ஒரு பெண் குரல். நான் என் பெயரையும் பதவியையும் சொன்னேன்.

“ஓ, அந்த அறிக்கை எழுதினவரோ?” என்றார்.

நான் மன்னிப்பைத் தொடங்கினேன். அவர் இடைமறித்தார். “ஒரு விளக்கம். அந்த அஞ்சு பேரும் கற்பனை எண்டு எழுதியிருக்கிறியள். எப்பிடி நிறுவினனீங்கள்?”

கணித ஆசிரியை. பாடல்கள் நாற்பது ஆண்டுகள் பழையவை, ஆகவே அந்தப் பெண்களுக்கு இப்போது குறைந்தது அறுபது வயது இருக்கும் என்றேன்.

“அப்ப கற்பனை இல்லை. வயசானவை.” அந்தப் பக்கம் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. “மாமாவுக்குத்தான் கோபம். நான் உங்கட கடிதத்தை எங்கட பள்ளிக்கூட ரீச்சர்மாருக்கு இரண்டு தரம் வாசிச்சுக் காட்டிட்டன். ஒண்டு மட்டும் விளங்கேல்லை. ‘சொற்களைப் பாடுவதில்லை’ எண்டு எழுதியிருக்கிறியள். அப்ப அவர் என்னத்தைத்தான் பாடுறவர்?”

மாப்பிள்ளை எனக்குப் பின்னால் நடையில் வந்து நின்றிருந்தார். கையில் தேத்தண்ணீர்க் கோப்பை. நான் ரிசீவரை அவர் பக்கம் நீட்டினேன். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

“தனிய நிண்டு ‘பொம்’ எண்டால் அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்?” என்று கிசுகிசுத்தார். “முன்னால ஒரு ஆள் வேணும்.”

சாமோவா நண்பர் சுவரில் சாய்ந்து நின்று, பிரச்சினையை என்னிடம் கேட்டு அறிந்தார். தான் பாடத் தயார் என்பதுபோல முன்னே வந்தார். பிறகு நின்று, என்னைப் பார்த்து, விரலால் என் நெஞ்சைத் தொட்டார். “இது உன் வேலை.”

தொலைபேசிக் கார்டின் இயந்திரக் குரல் இன்னும் மூன்று நிமிடம் என்றது. எனக்கு ஆங்கில வரிகள் எல்லாம் அந்தக் கணத்தில் மறந்துபோயின. நினைவில் நின்றது என் மொழிபெயர்ப்பு மட்டும். கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினேன்:

“நீ வருகை தராத சனிக்கிழமை, சனிக்கிழமை ஆகாது, நோரா…”

என் குரலைப் பற்றி எதுவும் சொல்லாமல் விடுகிறேன். மொழிபெயர்ப்பு தாளத்தில் இருக்கவில்லை. ‘வருகை தராத’ என்ற இடத்தில் பாட்டு கால் தடுக்கி விழப் பார்த்தது. அப்போது என் தோளுக்குப் பின்னாலிருந்து அந்தப் ‘பொம்’ வந்தது. என் வரியில் ஓட்டை இருந்த இடமெல்லாம் அது வந்து நின்றது. இன்னொரு பக்கத்தில் சாமோவா நண்பர், ஒரு சொல்லும் விளங்காமலே, ‘ஷூ-லா-லா’வைத் தொடங்கினார். நான், வாழ்நாளில் முதல் தடவையாக, விளைவை எண்ணாமல் இரண்டாம் அடிக்குப் போனேன். “பெண்ணே, உன் தந்தையின் நாய்கூட என்னை அறியும், நீ அறியாதது ஏனோ…”

பாட்டு முடிந்தது. இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

“இருக்கிறியளோ?” என்று ஆசிரியை கேட்டார். “முன்னால பாடின ஆளைக் கொஞ்சம் தள்ளி நிண்டு பாடச் சொல்லுங்கோ. மற்றவரின்ர சத்தம் எனக்கு வடிவாக் கேக்கேல்லை.”

நான் ரிசீவரை மாப்பிள்ளையின் கையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “ஓம்,” என்றார். இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டு, “இல்லை, நோராவை எனக்கும் தெரியாது,” என்றார். கார்ட் அத்தோடு முடிந்தது. மாமாவுக்குத் தானே சொல்லிக்கொள்வதாக அந்தப் பெண் சொன்னாராம். அவர் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, நண்பரைக் காரில் கொண்டுபோய் விட்டு வந்தார்.

அடுத்த ஆண்டு அந்த ஆசிரியை வந்து சேர்ந்தார். அவர்கள் ஹில்ஸ்பரோவில் வீடு எடுத்துக்கொண்டு போனார்கள். நான் ஒரு ஹீட்டரோடு தனியாக இருந்தேன்.

இப்போதெல்லாம் ஒருவரைப் பற்றி எதை எழுதினாலும் அதை முதலில் அவருக்கே வாசித்துக் காட்டுகிறேன். இதையும் காட்டினேன். தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டேன்.